கடன் கொடுத்தவர் எழுதிவைத்த வம்சக் கதை

விழுப்புரத்துக்கு வடமேற்கே, பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். அபிராமேசுவரர் கோயில் தேவாரம் பாடிய மூவரும் பாடிய தலம். அங்கே வட்டப்பாறை என்றொரு கல் உண்டு. அதன் முன் நின்று பொய்ச் சத்தியம் செய்யக் கூடாது. செய்தவன் கதி என்ன ஆனது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். தம்பியின் பொன்னை அபகரித்த அண்ணன் அதைத் தன் கைத்தடிக்குள் ஒளித்துவைத்தானாம். சத்தியம் செய்யும் நேரத்தில் தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, “அவன் பொருள் என்னிடம் இல்லை, அவனிடமே இருக்கிறது” என்றானாம். சொல் உண்மை, எண்ணம் பொய். திரும்பிப் போகும் வழியில் பாம்பு தீண்டிச் செத்தான்.

இதைப் பக்திக் கதையாகவும் கேட்கலாம், பொருளாதாரமாகவும் கேட்கலாம். பத்திரம் இல்லை, வக்கீல் இல்லை, கோர்ட்டு இல்லை. வாய்வார்த்தையாகக் கொடுத்த கைமாற்றை எப்படித் திரும்ப வாங்குவது? பொய் சொன்னவனைப் பாம்பு கடிக்கும் என்று ஊர் முழுக்க நம்பினால் போதும். குற்றமுள்ளவன் கல்லின் முன் வரவே தயங்குவான், தயங்கியவன் தோற்றவன். செலவே இல்லாத நீதிமன்றம். ஒரே ஒரு நிபந்தனை: கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே சாமிக்குப் பயப்பட வேண்டும். கடன் கொடுப்பவர் அயலூர்க்காரராக, மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரியாக, கப்பல் கம்பெனியாக, சர்க்காராக மாறியதும் கல் போதவில்லை. காகிதம் வேண்டியிருந்தது.

கஷ்ட காலத்தில் நம் முன்னோர் எப்படிப் பிழைத்தார்கள் என்று தேடுகிறவருக்கு இந்த மாற்றம்தான் பேருதவி. நம் கொள்ளுப்பாட்டன்மார் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால் அவர்களை நம்பாதவர்கள் அவர்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம், தழும்பு, கைரேகை, எதற்காகக் கடன் வாங்கினான் என்பது வரை. வசதியாக வாழ்ந்த வருஷங்கள் சத்தமில்லாமல் கடந்துவிட்டன. கஷ்டப்பட்ட வருஷங்களுக்குத்தான் ஆவணம் இருக்கிறது.

கஷ்டத்தைக் கல்லிலேயே வெட்டிவைத்த காலமும் உண்டு. திருவாமாத்தூர்க் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, திருப்பதியம் பாடக் கண்பார்வை இல்லாத 16 பேரை அமர்த்தியதையும், அவர்களுக்கு வழிகாட்ட இருவரை வைத்ததையும் சொல்கிறது. வேறு எந்த வேலையிலும் முதலில் விடுபட்டுப் போகிறவர்களுக்கு, குரலையும் நினைவாற்றலையும் மட்டும் கேட்கும் ஒரு நிரந்தர வேலை! சோழநாட்டில் கும்பகோணம் பக்கம் திருப்பாம்புரத்தில் வேறொரு கல்வெட்டு. ஆண்டு 1201. ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் என்ற அளவுக்கு விலை ஏறிய சமயம். வேளாளர் ஒருவரும் அவருடைய இரண்டு பெண்களும் பட்டினியிலிருந்து தப்பக் கோயிலுக்கே தங்களை விற்றுக்கொண்டார்கள். விலை 110 காசு. ஆலங்குடிக் கல்வெட்டிலோ ஊரே கடனாளி. காலம் கெட்டுப்போனபோது ஊர்ச்சபை கோயில் கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கடன் வாங்கியிருக்கிறது. கோயில் உண்டியல் என்று நாம் நினைப்பது அன்றைக்கு வங்கியாகவும் வேலைவாய்ப்பு அலுவலகமாகவும் இருந்தது, ஆளையே விலைக்கு வாங்கும் எசமானாகவும் இருந்தது.

கல்லை விட்டுக் காகிதத்துக்கு வருவோம். வீட்டில் டிரங்குப் பெட்டி இருந்தால் அதன் அடியில் மஞ்சள் பையில் சுற்றிய பழைய பத்திரம் ஒன்று இருக்க வாய்ப்புண்டு. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும், ஒரு தாளில் ஒரு குடும்பத்தின் கெட்ட காலம் முழுக்க இருக்கும்.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டாம்பு வெண்டர் தன் கையெழுத்தில் தேதி, வரிசை எண், வாங்கியவர் பெயர், ஊர், முத்திரைத்தாளின் மதிப்பு எல்லாம் எழுதியிருப்பார். முத்திரைத்தாள் வாங்கிய தேதிக்கும் பத்திரம் எழுதிய தேதிக்கும் இடைவெளி இருந்தால் அதுவே ஒரு சேதி. பேரம் இழுத்திருக்கிறது, அல்லது கடைசி நேரம்வரை வேறு வழி தேடியிருக்கிறார்கள். அடுத்து முன்பக்கம். “எங்கள் குடும்பச் செலவுக்காகவும், சர்க்கார் கிஸ்தி கட்டுவதற்காகவும், இன்னாருக்குக் கொடுக்க வேண்டிய பிராமிசரி நோட்டுக் கடனைத் தீர்ப்பதற்காகவும்” என்ற மாதிரி ஒரு வரி வரும். நிலத்தை விற்கிறவர் தன் கஷ்டத்தை ஏன் இத்தனை விவரமாக எழுதுகிறார்? மனம் திறந்து பேசும் இடமா அது?

அந்த வரி சட்டத்துக்குப் பயந்து எழுதியது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தை அதன் தலைவர் தன்னிச்சையாக விற்றுவிட முடியாது. குடும்பத்துக்கு உண்மையான அவசியம் இருக்க வேண்டும், அல்லது குடும்பத்துக்கு அதனால் நன்மை இருக்க வேண்டும். அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் 1856இல் லண்டன் பிரிவி கவுன்சில் கொடுத்த தீர்ப்பு இந்த விஷயத்தில் ஓர் அடிக்கல். அவசியம் இருந்ததா என்று விசாரித்துப் பார்க்கும் பொறுப்பைக் கடன் கொடுப்பவர் தலையில் அது வைத்தது. நாளைக்கு மகன் பெரியவனாகி, ‘என் அப்பா சூதாடித் தொலைப்பதற்காக விற்ற நிலம் இது, செல்லாது’ என்று வழக்குப் போட்டால்? அந்தப் பயத்தில் வாங்குகிறவர் காரணத்தை எழுதச் சொன்னார். வட இந்தியக் குடும்பம் ஒன்றின் வழக்கு விழுப்புரத்துப் பத்திர எழுத்தர் கையைப் பிடித்து, மகள் கல்யாணச் செலவு, மாடு செத்தது, கிணறு வெட்டியது என்று எழுதவைத்திருக்கிறது. எழுதிய காரணம் எல்லாமே உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பத்திர எழுத்தர்கள் வாய்ப்பாடு போல எல்லோருக்கும் ஒரே காரணத்தை எழுதினார்கள். வாய்ப்பாட்டை மீறி ஏதாவது ஒரு சொல் எட்டிப் பார்க்கும் பாருங்கள், அங்கே நின்று படிக்க வேண்டும்.

கீழே சொத்து விவரம். அதில் நான்கெல்லை. இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று நாலு திசையும் வரும். வாழ்நாளில் ஒரு பத்திரம்கூட எழுதாத மனிதர் பக்கத்து நிலத்துக்காரர் பத்திரத்தில் எல்லையாக நின்றுகொண்டிருப்பார். உங்கள் தாத்தாவின் பெயர் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடைக்கவில்லையென்றால், அடுத்த வீட்டுப் பெட்டியைக் கேளுங்கள். ஒரே நிலத்தின் வடக்கு எல்லையில் 10 வருஷ இடைவெளியில் பெயர் மாறியிருந்தால், நடுவில் அங்கே ஒரு விற்பனையோ ஒரு சாவோ நடந்திருக்கிறது.

கடைசியில் கையொப்பம். எழுதத் தெரியாதவர் கீறல் போட்டார், பிறகு கைநாட்டு வைத்தார். இடக்கைப் பெருவிரல் ரேகை பிறக்குமுன்பே உருவாகி, ஆயுள் முழுக்க மாறாமல் இருப்பது. புகைப்படம் எடுத்துக்கொள்ளவே வாய்ப்பில்லாத ஒரு பாட்டியின் உடலில் இன்று மிச்சம் இருப்பது அந்த நீல மை வட்டம் ஒன்றுதான்.

பெட்டி இல்லாதவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகலாம். பதிவுச் சட்டம் வெகு அழகான ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்திருக்கிறது. மூலப் பத்திரம் கட்சிக்காரரிடம் போய்விடும். அதன் படி அலுவலகப் புத்தகத்தில் நிற்கும், பழைய நாளில் எழுத்தர் வரிக்கு வரி கையாலேயே பெயர்த்து எழுதியது. அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில். உயில்கள் 3ஆம் புத்தகத்தில். சொத்தோடு சேராத மற்றவை 4ஆம் புத்தகத்தில். இவற்றுக்கு அட்டவணைகள் தனி. ஆள் பெயரை வைத்துத் தேட ஒன்று, நிலத்தை வைத்துத் தேட ஒன்று. சர்வே எண் தெரியாதவர் பெயரிலிருந்து நிலத்துக்குப் போகலாம், பெயர் தெரியாதவர் நிலத்திலிருந்து பெயருக்கு வரலாம். கம்ப்யூட்டர் யுகத்துக்கு வெகு முன்பே இரண்டு பக்கமும் திறக்கும் தேடுபொறி! 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். 4ஆம் புத்தகம் அப்படியல்ல, அதில் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் மட்டும்தான். கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்று சில பத்தாண்டுகள்தான் பின்னால் போகும். அதற்கும் முன்னால் போக, மேனுவல் ஈ.சி. என்று கேட்க வேண்டும். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு முன் இது தென்னாற்காடு, தலைமையிடம் கடலூர். பழைய ஆட்சியர் ஆவணங்களைத் தேடுபவர் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தென்னாற்காடு என்றுதான் கேட்க வேண்டும்.

இனி ஒரு புதிர். பத்திரத்தில் தாது வருஷம் என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்தத் தாது? தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருபவை. 1876 சித்திரையில் தொடங்கியது ஒரு தாது, 1936இல் இன்னொன்று, 1996இல் மற்றொன்று. விடை அதே காகிதத்தில் இருக்கும். முத்திரைத்தாளில் விக்டோரியா தலையா, ஐந்தாம் ஜார்ஜ் தலையா? அதுவும் அழிந்திருந்தால் பசலி எண்ணைத் தேடுங்கள். பசலி என்பது வரி வசூலுக்கான வருவாய் ஆண்டு, ஜூலையில் பிறக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் அந்த ஜூலையின் ஆங்கில ஆண்டு. பசலி 1286 என்றால் 1876 ஜூலை. பசலி 1346 என்றால் 1936 ஜூலை. எந்தக் கலக்கமும் இல்லை. வரி வாங்குகிறவர் தேதியில் தவறு செய்வதில்லை.

இந்த இரண்டு தாது வருஷங்களும் தமிழ்நாட்டின் இரண்டு வேறு வேறு கஷ்டங்கள். முதலாவது தானியமே இல்லாத கஷ்டம். இரண்டாவதற்கு முன்னால் வந்தது, தானியம் இருந்தும் அதற்கு விலை இல்லாத கஷ்டம். 1929இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் நம் களத்துமேட்டுக்கு வந்து சேர நாளாகவில்லை. நெல், மல்லாட்டை விலைகள் சில ஆண்டுகளில் பாதி அளவுக்கு விழுந்தன. தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செயில் எண்ணெய் ஆலைகளுக்குப் போன பண்டம். மார்செயில் இருமினால் திண்டிவனத்துக்குக் காய்ச்சல் வந்தது.

கிஸ்தியோ ரூபாயில், மாறாத தொகை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூட்டை 6 ரூபாய் என்றால் 30 ரூபாய் கிஸ்திக்கு 5 மூட்டை போதும். விலை 3 ரூபாய் ஆனால் 10 மூட்டை. மண் அதே, மழை அதே, உழைப்பு அதே. வரியின் எடை மட்டும் இரண்டு மடங்கு. கடனுக்கும் இதே கதிதான். வாங்கிய கடன் ஒரு பைசாகூட ஏறாமலேயே, நெல்லில் அளந்து பார்த்தால் இரட்டித்துவிட்டது.

அப்படியும் எல்லோர் நிலமும் ஏலத்துக்குப் போய்விடவில்லை. ஏன்? 1931 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்து தன் பவுண்டு நாணயத்தைத் தங்கத்திலிருந்து கழற்றிவிட்டது. ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் சேர்ந்து இறங்கியது. ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறியது. அதுவரை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் தங்கம், சுமார் 21 ரூபாய். இரண்டு மூன்று ஆண்டுகளில் அது 30 ரூபாயைத் தாண்டிவிட்டது. நம் 30 ரூபாய் கிஸ்திக்குத் திரும்புவோம். முன்பு அதைக் கட்ட ஏறக்குறைய ஒன்றரைத் தோலாத் தங்கம் விற்க வேண்டும். இப்போது ஒரு தோலா போதும். நெல்லில் இரட்டித்த வரி தங்கத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! குடியானவர் வீட்டுப் பெண்கள் காதிலும் கழுத்திலும் போட்டிருந்தது அந்த நேரத்தில் இந்தியாவிலேயே விலை ஏறிக்கொண்டிருந்த அபூர்வமான சொத்து. கம்மல் போய் நிலம் தங்கியது. பம்பாய் வழியாகக் கப்பல் கப்பலாகத் தங்கம் லண்டனுக்குப் போனது. பட்டா ஆண்கள் பெயரில் இருப்பதால், நிலத்தைக் காப்பாற்றிய அந்தக் கம்மலுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

1877இல் இதே தந்திரம் பலிக்கவில்லை. அப்போது ஏழைகளின் நகை பெரும்பாலும் வெள்ளி. ஐரோப்பிய நாடுகள் வெள்ளியை விட்டுத் தங்க நாணயத்துக்கு மாறியதால் 1870களில் வெள்ளியின் உலக விலையே இறங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் தண்டையையும் மாட்டையும் விற்க வந்தால் வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. சேமிப்பு எவ்வளவு என்பதைவிட, அதை வாங்க ஊருக்கு வெளியே ஆள் இருக்கிறாரா என்பதே முக்கியமாகிப் போகிறது.

மந்தக் காலத்துக் கடன் எப்படித் தீர்ந்தது என்பதற்கும் காகிதம் உண்டு. ராஜாஜி அமைச்சரவை 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதும் ரத்து. அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. குடும்பத்தில் பெரிய கடன் ஒன்று விற்பனை எதுவும் இல்லாமல் 1938ஐ ஒட்டி மாயமாகியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சட்டத்தைத்தான். அந்த ஆண்டுகளின் முன்சீப் கோர்ட்டு ஆவணங்களில் கடன் குறைப்பு மனுக்கள் இருக்கும்.

குடும்பம் குடும்பமாக இல்லாமல், ஊரையே எடுத்து ஆராய்ந்தால் எப்படி இருக்கும்? நம் மாவட்டத்தில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கேள்விகள். அது 1918இல் புத்தகமானது. பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் இருவரின் மேற்பார்வையில் 1936–37இல் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆள் போனது. ஆமாம், அதே தாது வருஷம். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல், 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் என்று ஆய்வாளர்கள் இருவேல்பட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே கிராமத்தை 90 ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப அளந்த ஆய்வுகள் உலகிலேயே குறைவு. பெருநிலக்கிழார் வீடு ஒன்றின் கை ஓங்கியிருந்த ஊரில், கூலியாட்கள் அந்தப் பிடியிலிருந்து மெல்ல விலகி, வெளி வேலைக்குப் போகத் தொடங்கியதை அந்த ஆய்வுகளில் படிப்படியாகப் பார்க்கலாம். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும், 1916இல் ஒரு தென்னாற்காட்டுக் கூலிக்காரர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு அளவுகோல் இங்கே கிடைக்கிறது.

நிலமே இல்லாதவருக்குப் பத்திரம் ஏது? அவர்கள் எழுதிக்கொடுத்தது தங்கள் உழைப்பை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை தந்தார். சிறு கடனுக்காகத் தன்னையே அடகு வைத்து எழுதிக்கொடுத்த பத்திரங்களை அவர் அதில் காட்டினார். அடிமை முறையைச் சட்டம் 1843இலேயே ஒழித்திருந்தது. திருப்பாம்புரத்துக் கல்வெட்டுக்கும் இந்தப் பத்திரங்களுக்கும் நடுவில் 690 வருஷம். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வழங்கத் தொடங்கிய நிலங்கள்தான் பஞ்சமி நிலங்கள். கிராமக் கணக்கின் ‘அ’ பதிவேட்டில் டி.சி. நிலம் என்ற குறிப்பு இருந்தால், அந்தப் புல எண் ஒரு குடும்பத்தின் பசியிலிருந்து பிறந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்று அது யார் கையில் இருக்கிறது என்பது வேறு, கசப்பான ஆராய்ச்சி.

முதல் தாது வருஷத்துக்குப் போவோம். பசிபிக் பெருங்கடல் சூடேறும் எல் நினோ என்ற நிகழ்வு 1877இல் மிகக் கடுமையாக இருந்தது. பருவமழை பொய்த்தது இங்கே மட்டுமல்ல. வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே ஆண்டுகளில் பஞ்சம். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல் மாண்டார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சத் தூதர் ரிச்சர்ட் டெம்பிள் வெட்டினார். ஆண் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம், கிட்டத்தட்ட 1,600 கலோரி. மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்கிற உடம்புக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து விடாமல் எழுதினார், கூலி சில மாதங்களில் உயர்ந்தது. பஞ்ச வேலையாக வெட்டியதில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியும் உண்டு. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு அது. அந்தக் கால்வாயின் தென்கோடி நம் மரக்காணம்.

அடுப்படிக்கு ஆவணம் கிடையாது. அங்கே வேதியியல்தான் சாட்சி. பஞ்சத்தில் புளியங்கொட்டையைத் தின்றார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடித்தால் பல் போகும், தோலோ துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு டானின் என்ற சேர்மம், புரதத்தைக் கட்டிப்போட்டுச் செரிக்கவிடாமல் செய்வது. கொட்டையை வறுத்தால் தோல் வெடித்துக் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் பருப்பை ஊறவைத்து வேகவைத்தால் புரதம் கிடைக்கும். கூடவே நீரை உறிஞ்சி ஊதும் ஒரு பசையும். நெசவாளர் பாவு நூலுக்குக் கஞ்சி போட இதே கொட்டையின் மாவைத்தான் பயன்படுத்துவார்கள். நூலை விறைப்பாக்கும் பசை, வயிற்றில் ஊதி, பசியை ஏமாற்றியது. கூழைப் புளிக்கவைப்பதிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. தானியத் தோலில் பைட்டிக் அமிலம் என்ற ஒன்று இரும்புச் சத்தைப் பிடித்துவைத்திருக்கும். ராத்திரி முழுக்கப் புளித்தால் அது சிதைந்து இரும்பு விடுபடும். கேழ்வரகின் அளவு கூடாமலேயே அதிலிருந்து கிடைக்கும் சத்து கூடுகிறது. குதிரில் விதைத் தானியத்தோடு சாம்பலைக் கலந்துவைத்தார்கள் அல்லவா? பூச்சியின் உடம்பில் ஈரம் போகாமல் காக்கும் மெழுகுப் பூச்சு ஒன்று இருக்கிறது. சாம்பல் துகள் அதைச் சுரண்டிவிடும், பூச்சி காய்ந்து செத்துவிடும். பசியிலும் விதையைத் தொடாமல் இருந்தவர்களின் மன உறுதிக்கு மட்டும் வேதியியலில் விளக்கமில்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் பதில் வராது. எதைச் சாப்பிட மாட்டீர்கள், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் அதை மட்டுமே தின்று வளர்ந்தவர் பிறகு தொடவே மாட்டார். அவருடைய அம்மா சொன்ன பஞ்சக் கதையும் அந்தப் பதிலோடு சேர்ந்து வரும்.

இருந்து பிழைக்க முடியாதவர்கள் கிளம்பினார்கள். திருவாமாத்தூரிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் ஒன்றிரண்டு நாள் நடைதான். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த ஒப்பந்தப்படி பிரெஞ்சு முகவர்கள் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுக்கலாம். ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குத் தமிழர் போன வழி அது. மொரீசியஸுக்கு 1834 முதல் இந்தியாவிலிருந்து போனவர்கள் 4.5 லட்சத்துக்கும் மேல். சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனைத் தொட்டது. 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர் என்று ஒற்றை இலக்கம் வரை சொல்ல முடிகிறது. எப்படி? ஒருவர் விடாமல் எண் கொடுத்து எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கப்பல் பட்டியலின் பத்திகளைப் பாருங்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுக்கா, கிராமம், உயரம், உடல் அடையாளம். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எடுத்த அளவுகள். ஆனால் அவை ஆய்வாளர்களுக்கு வேறொன்றைச் சொல்கின்றன. வளர்ந்தவரின் உயரம் குழந்தைப் பருவத்தில் கிடைத்த உணவின் பதிவு. பிரென்னன், மெக்டொனால்டு, ஷ்லோமோவிட்ஸ் ஆகியோர் இந்தியத் தொழிலாளர் பட்டியல்களின் உயரங்களைத் தொகுத்து, பிரிட்டிஷ் ஆட்சியில் இந்திய ஏழைகளின் ஊட்டம் எப்படி இருந்தது என்று கணக்கிட முயன்றார்கள். நேரில் ஒருவரும் கேட்காத கேள்விக்கு எலும்பு பதில் சொல்லியிருக்கிறது.

நேட்டால் பட்டியல்கள் டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் கணினி வடிவில் இருக்கின்றன. மொரீசியஸ் பட்டியல்கள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன, பல பதிவுகளுக்குப் புகைப்படமும் உண்டு. தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது அது. ஒரே ஊர் பல வடிவில் இருக்கும். பட்டியலில் இருப்பதை வாய்விட்டு, தென்னாற்காட்டுப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். பாதி ஊர்கள் உடனே பிடிபடும். மீதிப் பாதிக்கு டர்பனிலும் ரீயூனியனிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் நம் உதவியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எண்ணும் தாலுக்காவும் அவர்களிடம் இருக்கின்றன. எந்தத் தெரு, யார் நிலத்துக்குக் கிழக்கு என்பது விழுப்புரத்து 1ஆம் புத்தகத்தில் இருக்கிறது.